வாடகைச் சுவர்

ஊரார் வீட்டுச் சன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டுவதுதான் அவள் பிழைப்பு. ட்ரில்லிங் மெஷினைத் தோளில் தொங்கவிட்டுக் கிளம்பினால், சாயங்காலம் தலையெல்லாம் சுவர்த்தூளோடு திரும்புவாள். ஆனால் அவள் குடியிருந்த வீட்டில் ஓர் ஆணிகூடக் கிடையாது. மாடியில் இருந்த வீட்டுக்காரர் சாவி கொடுத்த அன்றே போட்ட சட்டம் அது. கடிகாரம் அலமாரிமேல் சாய்ந்து கிடந்தது. சன்னல் திரையைப் பசைக் கொக்கிகள் தாங்கின. வெயில் ஏறினால் பசை இளகும், திரை பொத்தென்று விழும். கீழ்த்தளம் வேறு. தெருவே உள்ளே எட்டிப் பார்க்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உடன்பிறப்புகள் மூவரும் செல்போனில் கூடினார்கள். ஒரு நாட்டில் தம்பி, இன்னொரு நாட்டில் பெரியக்கா, ஊரில் அவள்.

“இன்னும் வாடகைதானா சின்னக்கா? ஒரு வீட்டை வாங்கிப் போடு. நான் வாங்கல?” என்றான் தம்பி.

“கிழிச்சே! தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகைதான், அப்புறம் அரசாங்கமே திருப்பி எடுத்துக்கும்னு நீதானடா சொன்னே?” என்றாள் பெரியக்கா.

“அதுவரைக்கும் யாரு இருக்கப் போறா?”

“சரி, பால்கனில துணி காயப்போடலாமா?”

தம்பி மென்று விழுங்கினான். “வெளிய தெரிஞ்சா குடியிருப்போர் சங்கத்துல அபராதம் போடுவாங்க.”

“பெரிய ஜமீன்தாரு! ஜட்டி காயப்போட வழியில்ல. என்னைப் பாரு, குடிவந்த நாள்லேருந்து வாடகைதான். சுவத்துக்குக் கிளிப்பச்சை அடிச்சிருக்கேன். போறப்ப வெள்ளை அடிச்சுக் குடுத்தாப் போதும். என்னைக் கிளப்பணும்னா வீட்டுக்காரன் கோர்ட்டு படி ஏறணும்.”

அப்போதுதான் கொக்கி கழன்று திரை விழுந்தது. தெருவில் போன ஒருவன் நின்று, நைட்டியில் இருந்தவளை நிதானமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

“என்னடி சத்தம்?”

“திரை விழுந்துடுச்சு.”

“கம்பி மாட்டறவ வீட்லயா?” இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் போனை அணைத்தாள். மெஷினை எடுத்தாள். புருஷன் பதறிப்போய்க் குறுக்கே வந்தான்.

“வேணாம்மா. காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது? புள்ளைக்கு ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு.”

“தள்ளு.”

மெஷின் அலறியது. இடப்பக்கத் துளை முடிந்த கையோடு வீட்டுக்காரர் வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான்கூட மாட்டவில்லை.

“யாரைக் கேட்டும்மா சுவத்துல கைவெச்சே?”

“யாரையும் கேக்கல. போறப்ப அடைச்சு, பூசி, பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். எங்க அக்கா ஊர்ல அப்படித்தான்.”

“அப்ப அக்கா ஊருக்கே போயிடு!”

“எதுக்கு? வாடகை இங்கதான குடுக்கறேன்.”

“மாசக் கடைசில காலி பண்ணிடு.”

புருஷன் அவள் நைட்டியைப் பிடித்து இழுத்தான். மகள் பள்ளி மாறுவது, பெட்டி கட்டுவது, இன்னொரு வாசலில் பல்லைக் காட்டுவது எல்லாம் அவள் கண்முன்னும் வந்து போயின. வந்தால் வரட்டும்.

“ஒப்பந்தம் வருஷக் கடைசி வரைக்கும் இருக்கு சார். அதுக்கு முன்னாடி கிளப்பணும்னா நீங்களும் கோர்ட்டுக்குப் போங்க. அதுவரைக்கும் தெருவுல போறவன் எல்லாம் என்னைப் பார்க்கணுமா?”

வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானை மாட்டத் தொடங்கினார். வாசலை விட்டு நகரவில்லை.

கம்பிக்கு ஒரு பக்கப் பிடி போதாது. அவள் ஸ்டூலைச் சன்னலின் வலப்பக்கம் இழுத்துப் போட்டு ஏறினாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், கண்ணுல தூள் விழும்” என்று சொல்லி மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினாள்.