வெட்டிய கம்பி

சோலைராஜுக்குக் கொஞ்ச நாளாகவே வேலையில் மனசு ஒட்டவில்லை. ராஜபாளையத்தில் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருஷம். டிராக்டர் ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வளைவாக நிற்கிற இரும்புக் கம்பியை எத்தனையோ பேருக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார். மாந்தோப்புக்குள் போனால் அது கிளையில் மாட்டும். வண்டி கவிழ்ந்தால் ஆளை நசுங்கவிடாமல் தாங்கத்தான் கம்பி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிளை தினமும் மாட்டுகிறது. வண்டி என்றைக்கோதானே கவிழப் போகிறது.

வன்னியம்பட்டி பொன்னுராஜின் வண்டி போன மாசம் ஓடைக்கரையில் கவிழ்ந்தது. தூக்கிப் பார்த்தபோது அவனுக்கு உயிர் இல்லை. அவன் கம்பியையும் இவர்தான் வெட்டியிருந்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்று அவன் பங்காளி வேல்பாண்டி டிராக்டரோடு வந்து நிற்கிறான். இவன் வண்டிக் கம்பியையும் போன வருஷம் இவர்தான் வெட்டிக் கொடுத்தார். வீட்டுப் பின்னால் பீர்க்கங்கொடி படர நட்டு வைத்திருந்த அந்த வெட்டிய கம்பியைக் கொடியோடு பிடுங்கி வண்டியில் கட்டி அனுப்பிவிட்டு, அவன் மனைவி முனீஸ்வரி பின்னாலேயே பஸ்ஸில் வந்துவிட்டாள்.

வேல்பாண்டி அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, சும்மா ரெண்டு இடத்துல ஒட்டிவிடுங்க. வீட்ல ஒரே நச்சரிப்பு. அவ வாய மூடுனாப் போதும்."

அரைமணி வேலை. பெயிண்டும் அடித்தால் புதுசு மாதிரி இருக்கும், அவளும் நிம்மதியாகத் தூங்குவாள். சோலைராஜ் வெல்டிங் கண்ணாடியை மாட்டினார். உடனே கழற்றினார். நேரே முனீஸ்வரியிடம் போனார்.

"தாயி, வெட்டுனத ஒட்டுனா பாக்கத்தான் நல்லாருக்கும். கவுந்தா தாங்காது. புதுசு வாங்கி போல்ட் போட்டு முடுக்கணும், சீட் பெல்ட்டும் மாட்டணும். தோப்புக்குள்ள போறப்ப மடக்கி வச்சிக்கிடுத மாதிரிக் கம்பியே இப்ப வருது. மதுரையில இருந்து வர ஒரு வாரம் ஆவும்."

முனீஸ்வரி கம்பியின் வெட்டிய முனையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கு வெட்டும்போது இதச் சொல்லலியே அண்ணே."

குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"ஒரு வாரந்தான? பாதி உழவு அப்படியே கெடக்கு. முடிச்சிட்டு வாரேன்" என்று வேல்பாண்டி சீட்டில் ஏறினான். சாவி இல்லை. அது அவள் கையில் இருந்தது.

"பொன்னுராஜும் கொஞ்சந்தான் மிச்சம்னுட்டுப் போனவருதான்" என்றாள் முனீஸ்வரி. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான்.

சாவியில்லாத டிராக்டர் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதை ஒட்டி இன்னொரு டிராக்டர் வந்து நின்றது.

"இந்தக் கம்பிய எடுத்துவிடணும். தோப்புல கெள தட்டுது" என்றார் வந்தவர்.

சோலைராஜ் கட்டரைத் தொடவில்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"செத்த நேரம் உக்காருங்கய்யா. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."