எல்லாரும் வரலாம்

“இருமல் வந்தா தலையணையில முகத்தை வச்சுக்கோ. ஒரு மணி நேரம்தான்டி” என்று மூத்தவளிடம் சொல்லிக்கொண்டே அம்மா கதவைச் சாத்தினாள்.

“மன்றத்துப் போன் அடிச்சா?”

“அணைச்சு வையி.”

“சனிக்கிழமைம்மா. சாயங்காலப் படத்துக்கு இடம் கேட்டு இப்பத்தான் கூப்பிடுவாங்க.”

“உன் தங்கச்சி வாழ்க்கையை விடப் படம் பெரிசா?”

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பெண் பார்க்க வருகிறவர்களில் யாராவது கை கழுவும் இடமென்று நினைத்துத் திறந்துவிடக் கூடாதல்லவா?

அந்த மன்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கும் வயிறு எரியும். பூட்டிக் கிடந்த பழைய கிடங்கு ஒன்றைத் தெருக்காரர்கள் கூடி எடுத்து, வெள்ளையடித்து, பொழுதுபோக்கு மன்றமாக்கியிருந்தார்கள். படம், கேரம், பாட்டு. டீ குடிக்கிற காசுக்கு ஒரு சாயங்காலம். லாபமென்று யாரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. கூரை ஒழுகினால் அதற்குப் போகும். தலைவர் இந்த வீட்டு அப்பாதான், ஆணிக்கடைக்காரர். ‘எல்லாரும் வரலாம்’ என்று வாசலில் போர்டு எழுதி மாட்டியவர்.

படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை போடச் சொன்னது, முன்வரிசையில் நான்கு நாற்காலிகளை எடுத்துவிடச் சொன்னது, இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்காக மாதத்தில் ஒரு படத்தைச் சத்தம் குறைத்து, விளக்கை அணைக்காமல் ஓட்டச் சொன்னது எல்லாம் அவருடைய மூத்த மகள். சிறுவயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் விளங்காமல் போனவள். கதவை எவ்வளவு அகலப்படுத்துவது என்று பார்க்க அவளுடைய சக்கர நாற்காலி ஒருநாள் மன்றத்துக்குப் போய்வந்தது. அவள் போகவில்லை.

“தங்கச்சிக்கு ஒரு இடம் அமையட்டும்மா. அப்புறம் உன்னை யாரு தடுக்கப்போறா?” என்பார் அப்பா. இந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று வருடம். மன்றத்துக்கு வரும் போனை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவதால் ஜனங்களுக்கு அவள் வெறும் குரல். “போன் அக்காகிட்ட கேளு” என்பார்கள். போன் அக்கா எங்கே உட்கார்ந்து பேசுகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாய்க்காரி, ஆனால் பொல்லாதவள் அல்ல.

“உங்களுக்குப் பொண்ணு ஒண்ணுதானே?” என்றாள்.

“ஒண்ணே ஒண்ணு” என்றார் அப்பா.

டீத் தட்டோடு நின்ற இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாத்திய கதவுக்கு உள்ளே இருந்தவளுக்கும் அது கேட்டது.

பேச்சு மன்றத்துக்குத் திரும்பியது. அந்தப் பேச்சு வந்தால் அப்பாவுக்கு நிறுத்தத் தெரியாது.

“என் அக்கா ஒருத்தி இருக்கா, பக்கவாதம். அவளைக் கூட்டிட்டு வந்தா உள்ளே விடுவீங்களா, இல்லே போர்டோட சரியா?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! நான் சொன்னா பெருமைக்குச் சொல்றதாயிடும். நீங்களே போன் போடுங்க, எங்க ஆளு எப்படிப் பதில் சொல்லுதுன்னு பாருங்க!”

நம்பரையும் அவரே சொன்னார். அந்தக் குரல் மன்றத்தில்தான் இருக்கிறது என்று அவருக்கே பழகிப்போயிருந்தது, பாவம்.

பக்கத்து அறையில் மணி அடித்தது.

அம்மா முந்திக்கொண்டாள். “அது... அடுத்த வீட்டுல...” என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நின்றாள்.

உள்ளே மூத்தவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அணைத்துவிடலாம். காலையில் தங்கைக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் விரலில் இருந்தது. ‘ஒண்ணே ஒண்ணு’ காதில் இருந்தது. எடுத்தாள்.

“வணக்கம், மன்றத்திலேருந்து பேசறேன்.”

“சக்கர நாற்காலியில வரலாமாம்மா?”

“தாராளமா வாங்க. சரிவுப் பாதை இருக்கு. முன்வரிசையில இடம் விட்டிருக்கோம். தள்ளிட்டு வர ஆள் இல்லேன்னா சொல்லுங்க, வாசல்ல ஒருத்தரை நிக்கச் சொல்றேன்.”

ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் கதவு வழியாகவும் அதே குரல். மாப்பிள்ளையின் அம்மா மெல்ல எழுந்தாள்.

“நீ எங்கேருந்தும்மா பேசறே?”

அப்பா பலமாகக் கனைத்தார்.

“பக்கத்து அறையிலேருந்துதாங்க. நான் இந்த வீட்டு மூத்த பொண்ணு. வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

பிறகு, தினமும் எல்லாரிடமும் கேட்கிற அதே பதவிசோடு கேட்டாள்:

“வேற ஏதாவது தெரியணுமாங்க?”