கறுப்புக் கோட்டில் பிஸ்கட்

என் வீட்டுக்காரர் கிருஷ்ணசாமியோடு ஒரு மாதமாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்கத்தா சால்ட் லேக் ஆபீசிலிருந்து சென்னைக்கு மாற்றல் ஆர்டர் வந்த அன்று, காபியை ஆற்றிக்கொண்டே, "முரியைக் கீழ வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டுப் போயிடலாமா வைதேகி?" என்று கேட்டார் மனுஷன். முரி எங்கள் நாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில், பொரி விற்பவரின் கூடைக்குப் பக்கத்தில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி நான் தூக்கி வந்தேன். பொரிக்கு அந்த ஊரில் முரி என்று பெயர். குட்டிக்கும் அதையே வைத்துவிட்டோம்.

"அப்ப என்னையும் வாட்ச்மேன்கிட்டயே விட்டுட்டுப் போங்க" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

மறுநாளே மனுஷன் முரியையும் கூட்டிப்போகும் ஏற்பாட்டில் மும்முரமாகிவிட்டார். ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு பேர் மட்டும் போகிற கூப்பே கிடைத்தால்தான் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முடியுமாம். அதற்கு மனு எழுதிப் போட்டார். பிறகு முரியைக் கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். மே மாத வெயிலில் நாயை லக்கேஜ் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொன்னார். கிளம்புவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பாடு போடக் கூடாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். ரொம்ப மூச்சிரைத்தால் ஈரத் துண்டால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். இவர் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

"குரைக்காமல் வருமா?" என்று டாக்டரம்மா கடைசியாகக் கேட்டார்.

முரி பரம சாது. ஆனால் கறுப்புக் கோட்டைக் கண்டால் மட்டும் ஆகாது. கீழ் வீட்டு வக்கீல் தாஸ்பாபு தினமும் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது, போன ஜன்மத்தில் அவரால் கேஸ் தோற்ற மாதிரி கத்தித் தீர்க்கும். ரயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவர் என்ன போட்டுக்கொண்டு வருவார்? கறுப்புக் கோட்டு. இது போடுகிற கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் புகார் கொடுத்தால், நாயை லக்கேஜ் பெட்டிக்கு மாற்று என்பார்கள்.

இவர் தாஸ்பாபுவிடம் போய்ப் பழைய கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஆபீசில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டதால் பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, பையில் பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டு, படுக்கையறைக் கதவைத் தட்டி, "டிக்கெட்" என்பார். முதல் நாள் முரி அவர் வேட்டியைக் கிழித்தது. மூன்றாம் நாள் உறுமலோடு நிறுத்திக்கொண்டது. எட்டாம் நாள் வாலை ஆட்டியது. இருந்தும் இவர் விடவில்லை, ஒரு நாளைக்கு இருபது தடவை கதவைத் தட்டினார். கல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில், அந்தக் கனத்த கோட்டில்.

பத்தாம் நாள் மத்தியானம் "டிக்..." என்றவர் கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கை தன்னால் ஃபிரிட்ஜுக்குப் போனது. கோட்டைக் கழற்றி, பாதத்தையும் வயிற்றையும் ஈரத் துண்டால் துடைத்து, உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். "இது முரிக்கு எழுதினதாச்சே" என்றார்.

"வாயை மூடிட்டுக் குடிங்க."

முரி அதற்குள் கீழே கிடந்த கோட்டுப் பையிலிருந்து மிச்ச பிஸ்கட்டையும் தின்று முடித்திருந்தது.

நல்லவேளையாகக் கூப்பே கிடைத்தது. ஹவுரா ஸ்டேஷன் பார்சல் ஆபீசில், நாய்க்குக் கட்டணம் போடுவதற்காக, எடைமேடையில் முரி பெரிய மனுஷி மாதிரி ஏறி நின்றது. ரயில் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனைத் தாண்டியதும் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"டிக்கெட்."

கறுப்புக் கோட்டு போட்ட நெடிய மனிதர் உள்ளே வந்தார். நான் சங்கிலியை இறுக்கிப் பிடித்தேன். முரி எழுந்தது. குரைக்கவில்லை. நேராகப் போய் அவர் மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டு, கோட்டின் இடது பைக்குள் மூக்கை விட்டது. அங்கே ஒன்றும் இல்லை என்றதும் வலது பைக்கு வந்தது. மனிதர் அசையாமல் நின்றார்.

"என்ன தேடுகிறது?" என்று இந்தியில் கேட்டார்.

இவர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கோட்டையும் பிஸ்கட்டையும் இருபது தடவையையும் சொல்லி முடித்தார். டிக்கெட் பரிசோதகர் முழுவதும் கேட்டார்.

"கல்கத்தாவில், மே மாதத்தில், கோட்டு போட்டீர்களா?"

"ஆமாம்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, முரி அதை எடுத்துத் தின்னும்வரை நின்றார். "புவனேஸ்வரில் வேறு ஆள் ஏறுவார். பையில் பிஸ்கட் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏ.சி. குளிர ஆரம்பித்தது. தாஸ்பாபு எங்களுக்கே கொடுத்துவிட்ட அந்தக் கோட்டைக் கீழே விரித்திருந்தோம். அதன்மேல் முரி சுருண்டு தூங்கியது. இவர் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு இன்னும் ஆறவில்லை.

"குளிருதுன்னா அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கிறதுதானே?"

"தூங்குது. எழுப்பாதே."

மனசு கேட்கவில்லை, கேட்டே விட்டேன். "அன்னைக்கு வாட்ச்மேன்கிட்ட விட்டுடலாம்னு சொல்ல எப்படிங்க வாய் வந்துச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாய்க்காக நீ கஷ்டப்பட வேணாமேன்னு கேட்டுட்டேன். நீ சரின்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சா, இப்பவும் பகீர்ங்குது."

ரயிலில் கொடுத்த கம்பளி இரண்டையும் கோபத்தில் நானே போர்த்திக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்து அவர் மேல் போட்டுவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.