மீனை எடுத்த குளம்

எங்கள் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் உண்டு. அண்ணன் அங்கே எலெக்ட்ரீஷியன், அண்ணி ரத்தம் பரிசோதிக்கும் டெக்னீஷியன், நான் ஆம்புலன்ஸ் டிரைவர். குடும்பத்தோடு அட்மிட் ஆகிவிட்டோம் என்று கேலி செய்வார்கள்.

அண்ணன் ஆசைப்பட்டு அந்தக் குளத்தில் கொஞ்சம் பொடிமீன்களை விட்டார். அவை பெருகித் தள்ளின. அடுத்த கோடையில் தண்ணீர், பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் பச்சையாகிவிட்டது. வார்டு வரை நாற்றம். குளத்தை மூடிவிட்டுக் கார் நிறுத்தலாம் என்றார் நிர்வாகி.

அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. அண்ணியோ குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். வெறும் பாசி. பக்கத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கும் டிரம் ஒன்று இருந்தது. அதில் மட்டும் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அதிலும் ஒரு சொட்டு எடுத்தார்.

"தம்பி, ஓடி வாங்க!"

எள்ளளவு உயிர் ஒன்று, உடம்பெல்லாம் கண்ணாடி. இதயம் படபடவென்று துடிப்பதுகூடத் தெரிந்தது.

"வயித்துல பச்சையா இருக்கு பாருங்க, அது பாசி. இதுதான் தண்ணீர்த் தெள்ளு. பாசியை மேயுற மாடுன்னு வச்சுக்குங்க. குளத்துல ஒண்ணுகூட இல்லை."

"எங்க போச்சு அண்ணி?"

"உங்க அண்ணன் விட்ட மீன் வயித்துக்குள்ள."

சொன்னதோடு விடவில்லை. இரண்டு வாளிகளில் குளத்துத் தண்ணீர் நிரப்பி, இரண்டிலும் தெள்ளுகளை விட்டார். ஒன்றில் மட்டும் மீன். சில நாட்களில் மீன் இல்லாத வாளி அடிவரை தெளிந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டுபோய் நிர்வாகியின் மேசை மேலேயே வைத்தார்.

"மீனை எடுத்தா கொசு வருமேம்மா?" என்றார் அவர்.

"கொசுப்புழுவைத் தின்ன தட்டான் குஞ்சுங்க தண்ணிக்குள்ளயே வளரும் சார். அதையும் மீன்தான் விட்டுவைக்கல."

மழை வரும்வரை பார்க்கலாம் என்றார் நிர்வாகி.

அன்று சாயங்காலம் அண்ணன் மெல்லக் கேட்டார்: "அப்போ குளத்தைக் கெடுத்தது நான்தானா?"

"நீங்க ஆசையா விட்டீங்க, அது பசிக்குத் தின்னுச்சு. யாரைக் குத்தம் சொல்ல? ஆனா வலையை நீங்கதான் போடணும்."

அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீன்களை அரித்தெடுத்தார். நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் அவற்றுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கட்டினார். அண்ணி டிரம்மிலிருந்து மக் மக்காகத் தெள்ளுகளைக் குளத்தில் ஊற்றினார். தண்ணீர் உடனே தெளியவில்லை. இடத்தை அளக்க ஆட்கள் டேப்போடு வந்து போனார்கள். எனக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. அண்ணி மட்டும் அசரவில்லை. தினமும் சாப்பாட்டு வேளையில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் காலையில் குளத்தின் அடி தெரிந்தது. வெயில் உள்ளே இறங்கியதும் தரையிலிருந்து நீர்ச்செடிகள் எழுந்தன. அவற்றின் தண்டில் தட்டான்கள் வந்து உட்கார்ந்தன. கார் நிறுத்தும் பேச்சை நிர்வாகி அப்புறம் எடுக்கவேயில்லை.

இப்போது யார் வந்தாலும் அண்ணன் அவர்களைக் குளத்தங்கரைக்கு இழுத்துப் போய்விடுகிறார். "என் வீட்டுக்காரி வேலை" என்கிறார். மீன் விட்ட கதையையும் அவரே சொல்லிச் சிரிக்கிறார்.