பலகைக்கு அந்தப் பக்கம் கேட்ட பாட்டு

மதலைமுத்து வாத்தியார் பிரம்பால் மேஜையில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கேட்டார்.

"சீரங்கப்பட்டணத்துக் கோட்டை விழுந்த வருஷம் எது?"

ஆறாம் வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்த பாடம். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். கடைசி பெஞ்சில் தொட்டையன் மெதுவாக எழுந்தான். காலால் தரையை நாலு தட்டு தட்டிக்கொண்டு, "ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது சார்" என்றான்.

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! ராத்திரி படிச்சியாடா?"

"இல்ல சார். பலகைக்கு அந்தாண்ட அஞ்சாங்கிளாஸ்ல பாடுறாங்கல்ல, அதக் கேட்டேன் சார்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. சரியான பதில் சொன்னதற்கு அடி வாங்கிய பையன் மைசூர் ராஜ்யத்திலேயே அன்றைக்குத் தொட்டையன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

இது 1934-ம் வருஷத்துக் கதை. ரயில்வே பட்டறையை ஒட்டி ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடம். பட்டறையில் சுத்தியல் அடிக்கிற தமிழ் ஆட்களின் பிள்ளைகள்தான் அங்கே முக்கால்வாசி. ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, மடக்கி வைக்கிற பலகைத் தடுப்புத்தான். பதினெட்டு வருஷமாக இரண்டு வகுப்புக்கும் சரித்திர வாத்தியார் மதலைமுத்துதான். அவருக்குத் தெரிந்த சரித்திரம் ராஜாக்களும் வருஷங்களும். அதை உள்ளே இறக்க அவருக்குத் தெரிந்த வழி பிரம்பு. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவரை யாரும் வேறு விதமாகப் படிக்க வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு முறைக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கம்பளியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. தலைமை ஆசிரியர் பிரகாசம் என்ன செய்வார்? தையலும் ஜெபப் பாட்டும் கற்றுக்கொடுக்கத் தற்காலிகமாக வந்திருந்த ஹில்டாவைக் கூப்பிட்டு, "அஞ்சாங்கிளாஸ் சரித்திரத்த ரெண்டு வாரம் பாத்துக்கம்மா" என்றார்.

ஹில்டா கொள்ளேகால்காரி. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் போய்விட்டான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தன் மூன்று வயது மகளோடு இருந்தாள். இந்த வேலை போனால் அவளுக்கு மறுபடி அண்ணன் வீட்டுச் சமையற்கட்டும் அண்ணியின் முணுமுணுப்பும்தான். அது அவளுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு வருஷங்களை மனப்பாடம் செய்யவைக்கத் தெரியாது. பாடத் தெரியும். பட்டறையில் மத்தியானச் சங்கு ஊதியதும் பிள்ளைகளைக் காலால் தாளம் போடச் சொன்னாள். அப்பன்மார் பட்டறையில் அடிக்கிற அதே சுத்தியல் தாளம். அதற்கு மேல் பாட்டு. பாட்டை அவளே கட்டினாள். ஒரு வரி பாடி நிறுத்துவாள். அந்தக் காலத்தில் தசரா எப்படி இருந்திருக்கும், கோட்டைக்குள் என்ன சமைத்திருப்பார்கள், தூணில் சிற்பம் செதுக்கியது யார் என்று கதை சொல்வாள். பிள்ளைகள் படம் வரைவார்கள். மறுபடி பாட்டு.

காய்ச்சல் விட்டு மதலைமுத்து திரும்பி வந்தபோது ஐந்தாம் வகுப்பு அவர் கையை விட்டுப் போயிருந்தது. "பரீட்சை வரைக்கும் டீச்சரம்மாவே பாக்கட்டும் மேஷ்ட்ரே. பிள்ளைங்க நல்லா சொல்லுது. உங்களுக்கும் ஒடம்பு தேறணும்ல" என்றார் பிரகாசம். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் பொறாமைக்காரன் காதில் நல்ல வார்த்தை எங்கே ஏறும்? வாத்தியாருக்கு வயிறு எரிந்தது.

மாரக்காளைப் பார்த்தபோது இன்னும் எரிந்தது. போன வருஷம் அவரிடம் ஐந்தாம் வகுப்பில் தோற்று, அங்கேயே உட்கார்ந்திருக்கிற பெண். "களிமண்ணு" என்றுதான் அவளைக் கூப்பிடுவார். அந்தக் களிமண் இப்போது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, நாலு சின்னப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தது! அவள் அப்பன் பட்டறை வாசலில் இவரை நிறுத்தி, "டீச்சரம்மா வந்த பொறவுதான் சார் எங்க புள்ள வாயத் தொறக்குது" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். வாத்தியார் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு வாக்கியத்தை நூறு தடவை மனதுக்குள் மென்று துப்பினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தினமும் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பாட்டை வரி விடாமல் கேட்டவர் அவர்தான். எங்கே தப்பு வரும், எந்த வருஷத்தை மாற்றிப் பாடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு தப்பும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டிருந்தபோது அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, அதிசயமா இருக்கு! பாட்டெல்லாம் பாடுறீங்க?" என்றாள்.

"யாரு பாடினா? போய் வேலயப் பாரு" என்று எரிந்து விழுந்தார். கன்னத்தில் கத்தி கீறிவிட்டது.

பாட்டில் ஒரு இடம் மட்டும் அவரைப் படாதபாடு படுத்தியது. காவிரிக்குக் குறுக்கே கட்டிய கண்ணம்பாடி அணையைப் பற்றிய இடம். அவருடைய அப்பா அந்த அணையில் கல் சுமந்தவர். தோள்பட்டை இறங்கிப் போய், கடைசி வரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார். ஆனால் மதலைமுத்து ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தது "எங்கப்பா அணைக்கட்டுல மேஸ்திரி" என்று. அந்த வரி வரும்போதெல்லாம் யாரோ தன் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது அவருக்கு.

பிறகு பிரகாசம் ஒரு செய்தி சொன்னார். அடுத்த வாரம் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் ஹில்டாவுக்கு வேலை நிரந்தரமாகும். சரித்திரமும் அவளுக்கே.

அன்று சாயங்காலமே மதலைமுத்து இன்ஸ்பெக்டருக்கு மொட்டை மனு ஒன்று எழுதினார். நம் ஊரில் பொறாமைக்காரன் கையில் எடுக்கிற முதல் ஆயுதம் இதுதானே! பேர் போடாமல், இடது கையால், எழுத்து கோணக்கோண. 'மேற்படி ஹில்டா சரித்திரம் போதிக்காமல் தெருக்கூத்து நடத்துகிறாள். ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் சேர்ந்து கை தட்டி ஆடுகிறார்கள். விதவையான அவளுடைய நடத்தையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கும் ஒரு வருஷமும் தெரியாது.' ஆதாரம் வேண்டுமே என்று அந்தப் பாட்டு முழுவதையும் கீழே எழுதினார். தபால் பெட்டி முன்னால் ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்தார். போட்டுவிட்டார்.

அதோடு விட்டாரா? இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்ப மரத்தடியில் நிறுத்தி, "நாளைக்கு எவனாவது எவளாவது பாட்டுன்னு வாயத் தொறந்தீங்க, கை வீங்கிரும். புரிஞ்சுதா?" என்றார். அவர் பிரம்பு அவர்களுக்கு நன்றாகவே பழக்கம். பிள்ளைகளுக்குப் புரிந்தது.

மறுநாள் பலகைத் தடுப்பை மடக்கி இரண்டு வகுப்பையும் ஒரே கூடமாக்கினார்கள். இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி சரிகைத் தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தமிழும் நன்றாகத் தெரியும். அவர் கையில் அந்த மனு இருந்தது. விஷயத்தைக் காலையிலேயே பிரகாசத்திடம் சொல்லியிருந்தார். பிரகாசம் ஹில்டாவிடம் சொல்லியிருந்தார். அவள் கண் சிவந்திருந்தது.

"டீச்சரம்மா, பிள்ளைங்கள பாடச் சொல்லுங்க. கேக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஹில்டா கையை அசைத்தாள். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அவளே முதல் வரியை எடுத்துக்கொடுத்தாள். அப்போதும் இல்லை. நாற்பது பிள்ளைகளும் கூடத்தின் பின்னால் பிரம்போடு நின்ற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது? மனுவுல இருக்கறது நிஜந்தானா?" என்று நஞ்சுண்டசாமி பேனாவைத் திறந்தார். ஹில்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். மதலைமுத்து எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் எதிர்பார்த்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மத்தியானச் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் தாளம். பிள்ளைகளின் கால்களுக்கு அது பழகிப்போயிருந்தது. வாய்தான் பயந்ததே தவிரக் கால் பயப்படவில்லை. ஒரு கால், இரண்டு கால், பிறகு பெஞ்சுக்கடியில் எண்பது கால். மாரக்காள் எழுந்து நின்றாள். உள்ளங்கை இரண்டையும் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டு, பாட ஆரம்பித்தாள்.

"ஆயிரத்து அறுநூத்திப் பத்து,
சீரங்கப்பட்டணம் தசரா கண்டது.
ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது,
கோட்டை மதிலு சரிஞ்சு விழுந்தது.
ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தொண்ணுல மகராசா கைக்கு
ஆட்சி மறுபடி வந்து சேந்தது.
கண்ணம்பாடிக் கல்லச் சுமந்தது யாரு?"

அங்கே வாத்தியாரின் பிரம்பு அவள் கண்ணில் பட்டது. குரல் நின்றுபோயிற்று. கால்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன. கேள்வி அந்தரத்தில் நின்றது. யாரு, யாரு என்று மதலைமுத்துவின் நெஞ்சில் இடித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வரும் அப்பா கண்ணுக்கு முன்னால் வந்தார். அடி விழும் என்று தெரிந்தும் எழுந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"ஏட்டுல பேரே இல்லாத ஆளு" என்று கூடத்தின் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் பாடியது. "ஏட்டுல இல்லாட்டிப் போனா என்ன? எங்க பாட்டுல நிக்கும் பாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் கையில் பிரம்பு இல்லை, அது கீழே கிடந்தது.

நஞ்சுண்டசாமி மனுவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனு மேஷ்ட்ரே, நீங்க இந்தக் கிளாசுக்குள்ள போனதுண்டா?"

"இல்ல சார்."

"காலைலேருந்து நான் ஒண்ணு யோசிச்சிட்டிருந்தேன். இந்த மனு எழுதினவர் பாட்ட முழுசா எழுதியிருக்கார். ஒரு வருஷம் தப்பில்ல, ஒரு வரி விடல. ஒண்ணுமே கத்துக்கொடுக்கலன்னு புகார் எழுதறவருக்கே இவ்வளவு கத்துக்கொடுத்த பாட்டு எப்படிப்பட்ட பாட்டுன்னுதான் பாக்க வந்தேன்."

மதலைமுத்து முன்னால் நடந்து வந்தார்.

"நான்தான் சார் எழுதினேன். பிள்ளைங்கள மெரட்டி வாயக் கட்டினதும் நான்தான். அந்தம்மா நடத்தையப் பத்தி எழுதினது அத்தனையும் பொய். என் நாக்கு அழுகிப் போகணும்."

"ஏன் எழுதினீங்க?"

"பதினெட்டு வருஷமா அடிச்சும் வராத பாடம் அந்தம்மாகிட்ட மூணு வாரத்துல வந்துருச்சு. வயித்தெரிச்சல் சார். வேற ஒண்ணுமில்ல."

இன்ஸ்பெக்டர் மனுவை அவர் பக்கம் நீட்டினார். "பேர் இல்லாத காகிதத்த நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போக மாட்டேன். பேர் போடுங்க. வேற ஏதாவது எழுதணும்னாலும் எழுதுங்க."

மதலைமுத்து இந்தத் தடவை வலது கையால் எழுதினார். எழுதி முடித்ததும், "உரக்கப் படிங்க. பிள்ளைங்களும் கேக்கட்டும்" என்றார் நஞ்சுண்டசாமி. வாத்தியார் படித்தார். "மேலே கண்டது முழுவதும் பொய். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சந்தோஷமாகப் படித்தால் எனக்கு வயிறு எரிகிறது என்றால், நான் இத்தனை நாள் வாத்தியாராக இருந்தது பிள்ளைகளுக்காக அல்ல, எனக்காகத்தான். பிள்ளைக்குப் பாடம் வருவதுதான் முக்கியம். அது யாரால் வந்தது என்பது முக்கியமே இல்லை. இப்படிக்கு, ச. மதலைமுத்து."

பிறகு அவர் ஹில்டாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிரும்மா."

ஹில்டா சுருட்டிய முந்தானையை மெதுவாகப் பிரித்துவிட்டாள்.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல சார். எம்புள்ளையோட சோத்துல கை வச்சீங்க, எம்பேருல சேறு பூசினீங்க. அது ஆற நாளாகும்" என்றாள். பிறகு, "அந்த வரியப் பாடறப்ப உங்க கைப்பிரம்பு கீழ விழுந்துதே, யாருக்காக?" என்று கேட்டாள்.

"எங்கப்பா. கல் சுமந்தவரு. மேஸ்திரின்னு ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"அவர் பேரச் சொல்லுங்க. பாட்டுல சேக்கணும்."

வாத்தியார் மாரக்காளுக்குப் பக்கத்தில், பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சவரிமுத்து" என்றார்.

பிள்ளைகளின் கால்கள் தாளத்தை எடுத்துக்கொண்டன.