விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

கணவர் சாம்ராஜ் நெஞ்சுப் படம் எடுக்கக் கோலாருக்குப் போன நாளாகப் பார்த்துத்தான் லூயிசா பெயின்டர் பாபுவை வரச்சொன்னாள். அவர் இருந்தால் சுவரைத் தொடவே விடமாட்டார்.

வீட்டை விற்றுவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒன்று வாங்குவதாக ஏற்பாடு. தங்கச் சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சோடு சாம்ராஜால் நாலு படி ஏற முடியாது. நல்ல விலை வராவிட்டால் பெங்களூரில் மகன் டென்சில் வீடுதான் கதி. அது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

படுக்கையறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். சுரங்கம் ஓடிய நாளில், பூமிக்கடியில் பாறை வெடித்து ஊரே குலுங்கியபோது விழுந்தது. விரிசலுக்குக் குறுக்கே சாம்ராஜ் சிமென்ட் வைத்து ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதியும் எழுதியிருந்தார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஷிஃப்டுக்குப் போகுமுன் தினமும் அதை ஒரு பார்வை பார்ப்பார். தன் முகத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை என்று லூயிசாவுக்கு மனத்தாங்கல் உண்டு. சுரங்கமே மூடியாயிற்று, இனி இந்த அசிங்கம் எதற்கு? பாபு உளியால் பெயர்த்தெடுத்து, பூசி, ரோஜா நிறம் அடித்துக் கொடுத்தான்.

மறுநாள் சாம்ராஜ் ஊர் திரும்பிய கையோடு ராஜப்பா வீடு பார்க்க வந்தார். ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். எல்லாம் பிடித்திருந்தது, படுக்கையறை வரை.

"இன்னாக்கா, இந்தச் சுவர் மட்டும் புதுப் பூச்சா கீது?"

"சின்ன விரிசல்தான் தம்பி..."

"கண்ணாடி ஒட்டலியா அண்ணா?"

சாம்ராஜ் அப்போதுதான் சுவரைப் பார்த்தார். "ஒட்டினேன். ஒட்டின நாள்லேந்து ஒரு கீறல் விழல."

"எங்க அது?"

சாம்ராஜ் மனைவியைப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல விரிசலுக்கு யாரு பயப்படறாங்க? மூடி வெச்சாத்தான் பயம். மனை விலைக்குன்னா சொல்லுங்க, இடிச்சிட்டுக் கட்டிக்கிறேன்" என்றார் ராஜப்பா. காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

டென்சிலிடம் சொன்னபோது, "பரவால்ல மம்மி, இங்க வந்துடுங்க. டாடி மெதுவா ஏறட்டும்" என்றான்.

லூயிசா கொல்லைக் குப்பையைக் கிளறினாள். கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. தேதி இருந்த பாதியைச் சேலையில் துடைத்தாள். "கிடைச்சிடுச்சிங்க! ராஜப்பாகிட்ட இதைக் காட்டலாமா?"

சாம்ராஜுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, கதவைப் பிடித்துக்கொண்டார். மூச்சு திரும்ப நேரமாயிற்று.

"அங்கயே போட்டுடு லூயிசா. உடைஞ்ச கண்ணாடியப் பாத்தா, சுவர்தான் உடைச்சிதுன்னு நெனைப்பான்."