பவர் அந்தப் பக்கம்

அந்தத் தெருவில் ஹோம் தியேட்டர் வாங்க வருகிறவர்கள் இரண்டு கடை ஏறி இறங்கியே ஆக வேண்டும். விலை விசாரிக்க அல்ல. ஒரு கடையில் ஸ்பீக்கர் பெட்டிகள் மட்டும்தான் இருக்கும். சுவரோடு சுவராக ஒட்டிய அடுத்த கடையில் அந்தப் பெட்டிகளுக்குச் சக்தி கொடுக்கும் ரிசீவர்கள் மட்டும்தான் இருக்கும். பெட்டி இல்லாத ரிசீவர் சும்மா சூடாகிற தகரம். ரிசீவர் இல்லாத பெட்டி பூச்சாடி வைக்கத்தான் லாயக்கு. இது தெரிந்தும் ஓர் அண்ணனும் தம்பியும் அப்பா விட்டுப்போன கடையை இப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்றால், பிரித்த அன்று இரண்டு பேருக்கும் புத்தி எந்த மூலையில் கிடந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்து வைக்க வந்தவர் வியாபாரிகள் சங்கத் தலைவர். சரக்கைச் சரிபாதியாக்கக் காலையில் உட்கார்ந்தார். எது சரி, எது பாதி என்று சாயங்காலம் வரை இழுத்தது. கடைசியில் மனுஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணு பண்ணுங்க. பெட்டி எல்லாம் ஒருத்தருக்கு, பவர் எல்லாம் ஒருத்தருக்கு. சேர்ந்தே நாசமாப் போங்க" என்றார். வெறுத்துப்போய்ச் சொன்னது. இரண்டு பேரும் ஒரே குரலில் "சரி" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அன்றிலிருந்து மூத்தவர் பவர்க்காரர், இளையவர் பெட்டிக்காரர். பெற்றோர் வைத்த பெயரைக் கேட்டால் தபால்காரருக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

பெட்டிக்காரரைக் கேட்டால் அது சொத்துச் சண்டையே அல்ல. ஒரே ஒரு பேச்சு. கடை ஒன்றாக இருந்த காலத்தில், ஒரு வாடிக்கையாளர் இரண்டு ஜோடி பெட்டிகளில் எது நல்லது என்று கேட்டார். தம்பி ஒன்றைச் சொன்னார், அண்ணன் மற்றதைச் சொன்னார். தம்பி விடவில்லை. அப்போது அண்ணன், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "இவனுக்கு விக்கத் தெரியும் சார், கேக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். வேறு தொழிலில் இது ஒரு சிரிப்போடு போயிருக்கும். சத்தத்தை விற்றுச் சாப்பிடுகிறவனைக் காது இல்லாதவன் என்பது, சமையல்காரனை நாக்கு செத்தவன் என்பது மாதிரி.

"அதே வாயால, கஸ்டமர் முன்னால, அந்த வார்த்தையை அவர் திருப்பி எடுத்துக்கணும். அதுவரைக்கும் நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்று அன்று மனைவியிடம் சொன்னவர், இத்தனை வருஷத்தில் அதில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. மனைவியும் சொல்லிப் பார்த்தாள். "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாதுன்னு நம்ம கடையிலயே போர்டு தொங்குது. வார்த்தைக்கு மட்டும் ரிட்டர்ன் கேக்குறீங்களே, எந்த ஊர் நியாயம்?"

நியாயம் எப்படியோ போகட்டும், வியாபாரம் நடந்தாக வேண்டுமே. வாடிக்கையாளர் இந்தக் கடையில் பெட்டியைத் தேர்ந்தெடுப்பார். பெட்டிக்காரர் சொல்லுவார்: "இது நாலு ஓம்ஸ், கரண்ட்டை நிறைய இழுக்கும். அந்தக் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க, ஆறு ஓம்ஸ் ரிசீவரைக் கொண்டுவந்து இதுகூட மல்லுக்கு விட வேணாம். அட்டையில அச்சடிச்ச வாட்ஸும் வேணாம், நாள் முழுக்க எத்தனை வாட்ஸ் தாங்கும்னு கேளுங்க." வாடிக்கையாளர் படி இறங்கி அடுத்த படி ஏறுவார். அங்கிருந்து பதில் வரும்: "அந்தக் கடைக்காரர் சொல்ற பெட்டிக்கு இந்த ரிசீவர் போதும். ஆனா ஹால் பெரிசுன்னா பெட்டியைச் சுவத்துல இருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா கும்முனு அடிக்கும்."

இருவருக்குமே மற்றவர் 'அந்தக் கடைக்காரர்'தான். வாட்ஸும் ஓம்ஸும் தவிர வேறொன்றும் சுவரைத் தாண்டியதில்லை. ஒருமுறை பெட்டிக்காரர் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தபோது மட்டும் ஒரு வாடிக்கையாளர், "அந்தக் கடைக்காரர் கேட்டாருங்க, ரெண்டு நாளா ஏன் சத்தமே காணோம், எதுவும் சூடாயிடுச்சான்னு" என்றார். பெட்டிக்காரர் கொஞ்ச நேரம் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சூடுதான். இப்போ தணிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்றார்.

இதில் ஓர் அதிசயம், அண்ணன் சொல்லி அனுப்பிய ஜோடி ஒன்றுகூடப் பிசகியதில்லை. பெட்டியைக் கண்ணால் பார்க்காமலே, எவனோ ஒருவன் வாய்வழியாகக் கொண்டுவந்த இரண்டு எண்களை வைத்து, அதற்கு எவ்வளவு சக்தி கொடுத்தால் சிரமப்படாமல் பாடும் என்று சொல்லிவிடுவார். பெட்டிக்காரருக்கு அதில் பெருமைதான். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் இந்த வருஷம் தப்புத் தப்பாக அனுப்ப ஆரம்பித்தார். முதலில் ஒரு டீக்கடைக்காரர் வந்தார். ரிசீவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தானாக அணைந்துபோகிறது என்றார். கனமான பெட்டிக்கு நோஞ்சான் ரிசீவர். பெட்டிக்காரர் முகம் சுருங்கியது. அண்ணனுக்குத் தெரியாமல் நடக்கிற காரியமா இது? என் பெட்டிகளின் பெயரைக் கெடுக்கிறார், வேறென்ன. அதற்கப்புறம் அவரும் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கடை ரிசீவர் மேல பாத்திரம் வச்சா வெந்நீர் போட்டுக்கலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்னது சுவர் தாண்டிப் போகும் என்று தெரிந்தேதான் சொன்னார். அந்தப் பக்கமிருந்து பதில் எதுவும் வரவில்லை. அந்த மௌனம் அவரை இன்னும் எரித்தது.

பிறகுதான் பல் டாக்டர் வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையைக் கவுண்ட்டர் மேல் வைத்தார். உள்ளே கருகிப்போன ட்வீட்டர், உச்சஸ்தாயிச் சத்தங்களைக் கொடுக்கும் குட்டி ஸ்பீக்கர்.

"முதல்ல ஒரு மாதிரி கிறீச்சுன்னுச்சு. நான் டிரில் போடும்போது வர்ற சத்தம். அப்புறம் செத்துப்போச்சு. ரெண்டு பெட்டியிலயும்" என்றார். "ரிசீவர்தான் சின்னதாச்சே, அது எப்படிங்க இவ்ளோ பெரிய பெட்டியை எரிக்கும்?"

"சின்னதுதான் சார் எரிக்கும்" என்றார் பெட்டிக்காரர். "பெரிசு நிதானமாப் பேசும். சின்னதைப் போட்டுக் கத்துகத்துன்னா, சக்திக்கு மீறிக் கத்தும். குரல் உடையும். அந்த உடைஞ்ச குரல்தான் பெட்டியைச் சுட்டுடும். எந்த ரிசீவர் கொடுத்தாரு?"

டாக்டர் மாடலைச் சொன்னார். படுக்கையறையில் இரண்டு சின்னப் பெட்டிகளுக்குக் கொடுக்கிற ரிசீவர். நாலு ஓம்ஸ் ஆளுயரப் பெட்டிக்கு அதைக் கட்டுகிறவன் ஒன்று முட்டாள், இல்லை எதிரி. அண்ணன் முட்டாள் இல்லை.

டாக்டருக்குப் புது ட்வீட்டர் மாட்டித்தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, கருகியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்காரர் படி இறங்கினார். பத்தடி நடை. அந்தப் பத்தடியில் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். படி ஏறினார்.

கவுண்ட்டருக்குப் பின்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டை அழகாக இஸ்திரி போட்டிருந்தது, பொத்தான் மட்டும் ஒன்று மாறி இருந்தது. பக்கத்து ஸ்டூலில் அண்ணி.

"வாங்க தம்பி" என்றார் அண்ணன். "உட்காருங்க. வெயில் எப்படி? அந்த ஃபேனைக் கொஞ்சம் தட்டி விடும்மா."

பெட்டிக்காரர் உட்காரவில்லை. நக்கல் என்று நினைத்தார். ட்வீட்டரை எடுத்து முன்னால் வைத்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

அண்ணன் அதை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். "பவர் பத்தாம ஓட்டியிருக்காங்க. பாவம், நல்ல உருப்படி. எந்தக் கண்ணு அவிஞ்ச பய உங்களுக்கு ரிசீவர் கொடுத்தான்?"

"நீங்கதான்."

அண்ணன் சிரித்தார். கோபமோ குத்தலோ இல்லாத சிரிப்பு. "நம்ம கடைக்கு அந்தப் பழக்கம் கிடையாது தம்பி. சரி விடுங்க, போனது போச்சு. பெட்டி எத்தனை ஓம்ஸ்?"

"நாலு."

"நாலு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து அலமாரிக்குப் போனார். ஒவ்வொரு ரிசீவராக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். பாதியில் நின்றார். எதற்கு வந்தோம் என்று தேடுகிறவர் மாதிரி, அலமாரியைப் பார்த்தபடியே நின்றார்.

பெட்டிக்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஸ்டூலை நகர்த்தி அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குத் தெரியலை. உங்களைன்னு இல்ல. காலையில நம்ம பையனோட போட்டோவைப் பார்த்து, யாரு இந்தக் கஸ்டமர்னு கேட்டார்."

"எப்போலேர்ந்து அண்ணி?"

"போன மழைக்கு முன்னாடியே. நரம்பு டாக்டர், மறதி இனிமே கூடத்தான் செய்யும்னுட்டார். வீட்ல வச்சா அழறார், கடைக்குக் கூட்டிட்டு வந்தா அமைதியா இருக்கார். எந்தப் பெட்டிக்கு எந்த ரிசீவர்னு எனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்ல? வர்ற கஸ்டமர்கிட்ட சொல்லி அனுப்பவா?"

பெட்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சொல்லி அனுப்பிய வெந்நீர் ஜோக்கை யார் யார் இந்தக் கவுண்ட்டரில் வந்து சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டு அண்ணன் இதே மாதிரிதான் சிரித்திருப்பாரா என்று ஓடியது. அண்ணியிடம் கேட்கத் துணியவில்லை.

அண்ணன் ஒரு ரிசீவரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பல் டாக்டருக்குக் கொடுத்த அதே நோஞ்சான் மாடல். மேல்தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"அண்ணே" என்றார் பெட்டிக்காரர். "அண்ணே, நான்தான்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "விலை குறைக்கணும்னா உடனே எல்லாருக்கும் நான் அண்ணன் ஆயிடுறேன். முதல்ல பொருளைப் பாருங்க தம்பி. உறவெல்லாம் பில் போடும்போது கொண்டாடலாம்."

"இல்லண்ணே. என்னைப் பாருங்க. நான்..."

பார்த்தார். பார்க்கப் பார்க்க அண்ணன் கண்ணில் ஒரு மிரட்சி வந்தது. தெரிந்திருக்க வேண்டிய எதையோ தெரியவில்லை என்று பிடிபட்டுவிட்ட மிரட்சி. கை அண்ணியின் முந்தானையைத் தேடியது. பெட்டிக்காரர் சட்டென்று பேச்சை மாற்றினார்.

"இல்ல, நான்தான் போன வாரம் போன்ல விசாரிச்சேன். அதைச் சொல்ல வந்தேன்."

"அப்படிச் சொல்லுங்க." அண்ணனுக்கு மூச்சு வந்தது. "பெட்டி எங்க வாங்கினீங்க?"

"பக்கத்துக் கடையில."

"அப்போ கவலையே இல்ல. அது என் தம்பி கடை." கவுண்ட்டர் மேல் சாய்ந்து, ரகசியம் சொல்லுகிற மாதிரி சொன்னார்: "பெட்டி விஷயத்துல அவன் சொன்னா மறுபேச்சு பேசாதீங்க. நாங்கல்லாம் மீட்டரை வச்சுப் பார்ப்போம். அவன் கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவான். அப்படி ஒரு காது இந்தத் தெருவுலயே கிடையாது."

இத்தனை வருஷமாக எதற்காகப் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாரோ அது வந்துவிட்டது. அதே வாய். வாடிக்கையாளர் முன்னாலும்தான். கேட்ட சரக்கு கேட்டபடி வந்து இறங்கிவிட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைன்னு சொன்னாங்களே" என்றார் பெட்டிக்காரர்.

"யாரு சொன்னா? பேசாம என்ன. நேத்து கடை நிறைய ஆள், ஒரு வார்த்தை விட்டுட்டேன். எனக்கே அப்புறம் மனசு கேக்கலை. கோவிச்சிட்டுப் போயிருக்கான். சாயங்காலம் வந்துடுவான்."

"நான் வேணா அவர்கிட்ட சொல்லட்டுமா?"

அண்ணன் வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினார். "வாட்ஸ், ஓம்ஸ்னா உங்ககிட்டயே சொல்லி அனுப்பிடுவேன். இது நான் நேர்ல சொல்ல வேண்டியது தம்பி. அவன் வரட்டும்."

அண்ணி திரும்பி அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டாள்.

பெட்டிக்காரர் ரிசீவரைத் தன் பக்கம் இழுத்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரரும் எவ்வளவு நேரம் வைத்திருப்பார்? "என்ன விலை சொல்றீங்க?" என்றார்.

விலை என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் நிமிர்ந்தார். சொன்னார். தம்பி பாதி விலைக்குக் கேட்டார். அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அந்த விலைக்கு அட்டைப்பெட்டிதான் வரும், தரவா?" என்றார். வாரண்டி, ஒயர், கொள்முதல், போட்டிக் கடை, எல்லாம் வந்தது. எதையும் மறக்கவில்லை. நோய் இன்னும் மனசின் அந்த அறைக்குள் நுழையவில்லை போல. இரண்டு பேரும் அப்பாவின் கடையில் கற்ற அதே பேரம், அதே இடத்தில் பெருமூச்சு, அதே இடத்தில் 'உங்களுக்காக'. பெட்டிக்காரர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். அண்ணி ஒருமுறை சிரித்தேவிட்டாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எந்தப் பேரத்துக்கும் ஒரு முடிவு உண்டு. அண்ணன் கடைசி விலைக்கு வந்துவிட்டார். அதற்குக் கீழே கேட்டால் அவமானப்படுத்துவதாகும். பெட்டிக்காரர் கை பாக்கெட் வரை போய் நின்றது. வாங்கினவன், பொருள் கெட்டுப்போனால்தான் திரும்ப வருவான். அது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்" என்று எழுந்தார்.

அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. போனால் வராத ஆளுக்கென்றே வியாபாரிகள் ஒதுக்கி வைத்திருக்கும் மரியாதையான சிரிப்பு.

"தாராளமா கேட்டுட்டு வாங்க."

"கண்டிப்பா வருவேன். நாளைக்கே வருவேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பவர்க்காரர் ரிசீவரை அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இறக்கினார்.